டயர் ஒருபக்கமாகத் தேய்வது ஏன்? – வீல் அலைன்மென்ட் அளவுகளைப் படித்தறியும் முறை

பயிரின் அடியிலைகள் மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவு என்றும், குருத்திலைகள் வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவு என்றும் உழவர்கள் பார்த்தவுடன் சொல்லி விடுவார்கள். நோயை இலை காட்டுகிறது. மருந்தை உழவர் முடிவு செய்கிறார். வண்டியின் டயரும் இலையைப் போன்றதே. அது எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எப்படித் தேய்ந்திருக்கிறது என்பதைக் கூர்ந்து பார்த்தால், வண்டியில் எந்த இடத்தில் கோளாறு என்று அதுவே சொல்லிவிடும்.

காய்கறியும் பூவும் பாலும் சந்தைக்குக் கொண்டு செல்லக் காரும் சிறு சரக்கு வண்டியும் வைத்திருக்கும் உழவர்கள் இன்று பலர். வண்டி வாங்குவதில் காட்டும் கவனத்தை அதன் டயரில் பலரும் காட்டுவதில்லை. மேலே பார்த்தால் பட்டன் நன்றாக இருக்கும். சக்கரத்தின் உட்புற ஓரத்தில் கையை விட்டுத் தடவினால் நூல் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்கும். இந்நிலையில் பாரம் ஏற்றிக்கொண்டு தார்ச் சாலையில் வெயிலில் ஓடும்போது டயர் வெடித்தால், நட்டம் டயரோடு நிற்காது. ஏற்றிய சரக்கும், ஏறியிருந்த ஆட்களும் ஆபத்துக்கு உள்ளாவர்.

பட்டறையில் கம்ப்யூட்டர் இயந்திரத்தில் வண்டியை நிறுத்தி, சிவப்பும் பச்சையுமாக எண்கள் அச்சிட்ட ஒரு சீட்டைக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டைப் படிக்கத் தெரியாததால், “எல்லாம் சரியாகிவிட்டது” என்ற சொல்லை நம்பித் திரும்பி விடுகிறோம். மண் ஆய்வுச் சீட்டைப் படித்து உரமிடத் தெரிந்த உழவர்களுக்கு இந்தச் சீட்டு ஒன்றும் கடினமானதன்று. அதைப் படிக்கும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

டயர் காட்டும் அடையாளங்கள்

முதலில் டயரைப் பார்த்துக் கோளாறை அறியும் முறையைத் தெரிந்து கொள்ளுங்கள்.

1. நடுவில் மட்டும் தேய்மானம்: காற்று அளவுக்கு அதிகம். டயர் உப்பி, நடுப்பகுதி மட்டுமே சாலையில் படுகிறது.

2. இரு ஓரங்களிலும் தேய்மானம், நடுவில் பட்டன் நிற்றல்: காற்றுக் குறைவு அல்லது அதிகப் பாரம். டயர் அமுங்கி ஓரங்களே சுமையைத் தாங்குகின்றன. இத்தகைய டயர் அதிகமாகச் சூடேறும். வெடிப்பதற்கு முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று.

3. ஒரு ஓரம் மட்டும் வழவழப்பாகத் தேய்தல்: சக்கரம் சாய்ந்து நிற்கிறது. இது கேம்பர் கோளாறு.

4. ரம்பப் பல் போன்ற தேய்மானம்: டயரின் குறுக்கே உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கமாகத் தடவினால் வழவழப்பாகவும், எதிர்ப்பக்கமாகத் தடவினால் கூராக உறுத்தியும் இருந்தால் அது டோ கோளாறு. வெளியிலிருந்து உள்ளே தடவும்போது வழவழப்பாகவும், உள்ளிருந்து வெளியே தடவும்போது உறுத்தியும் இருந்தால் சக்கரங்கள் முன்பக்கம் அதிகமாக உள்நோக்கித் திரும்பியிருக்கின்றன. இதற்கு நேர்மாறாக இருந்தால் வெளிநோக்கித் திரும்பியிருக்கின்றன.

5. குழிகுழியாகத் தேய்தல்: ஷாக் அப்சார்பர் பழுது, வீல் பேரிங் ஆட்டம், அல்லது சக்கரம் பாலன்ஸ் இல்லாமை.

6. ஓரிடத்தில் மட்டும் தட்டையாகத் தேய்தல்: திடீர் பிரேக்கில் சக்கரம் சுழலாமல் இழுபட்டதன் அடையாளம்.

முதல் இரண்டுக்கும் அலைன்மென்ட் தேவையில்லை. காற்றைச் சரி செய்தால் போதும். ஐந்தாவது, ஆறாவது வகைகளுக்கும் அலைன்மென்ட் மருந்தாகாது. மூன்றும் நான்கும்தான் அலைன்மென்ட் சம்பந்தப்பட்டவை. இதை அறியாமல் எல்லாத் தேய்மானத்துக்கும் அலைன்மென்ட் செய்வது, எல்லா நோய்க்கும் ஒரே மருந்தைத் தெளிப்பதற்கு ஒப்பாகும்.

மூன்று கோணங்கள்

சீட்டில் முக்கியமாக மூன்று பெயர்கள் இருக்கும். அவை டோ, கேம்பர், காஸ்டர் என்பன.

டோ: நீங்கள் நிமிர்ந்து நின்று உங்கள் பாதங்களைக் குனிந்து பாருங்கள். இரு கட்டைவிரல்களும் ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருந்தால் அது டோ-இன். விலகித் திரும்பியிருந்தால் அது டோ-அவுட். வண்டியை மேலிருந்து பார்ப்பதாக நினைத்துக் கொண்டால் சக்கரங்களும் அப்படியே. டோ-இன் அளவைக் கூட்டல் குறியாலும், டோ-அவுட் அளவைக் கழித்தல் குறியாலும் சீட்டில் காட்டுவார்கள். டயரை மிக விரைவில் தின்றுவிடும் கோணம் இதுதான்.

கேம்பர்: வண்டியை முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் செங்குத்தாக நிற்கிறதா, சாய்ந்து நிற்கிறதா என்பதைக் காட்டுவது. சக்கரத்தின் தலைப்பக்கம் வெளியே சாய்ந்தால் கூட்டல். உள்ளே சாய்ந்தால் கழித்தல். கழித்தல் அதிகமானால் உள் ஓரமும், கூட்டல் அதிகமானால் வெளி ஓரமும் தேயும். இரு பக்கமும் கேம்பர் மாறுபட்டால், எந்தப் பக்கம் கூட்டல் மிகுதியோ அந்தப் பக்கம் வண்டி இழுக்கும்.

காஸ்டர்: வண்டியைப் பக்கவாட்டில் பார்க்கும்போது, சக்கரம் எந்த அச்சைக் கொண்டு திரும்புகிறதோ அந்த அச்சின் முன்பின் சாய்வு. சைக்கிளின் முன் கவை சாய்வாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதனால்தான் கையை லேசாக வைத்தாலும் சைக்கிள் நேராகச் செல்கிறது. காரிலும் அப்படியே. திருப்பத்துக்குப் பின் ஸ்டீயரிங் தானாக நேராவதற்குக் காஸ்டர் உதவுகிறது. இது டயரை நேரடியாகத் தேய்ப்பதில்லை. ஆனால் இரு பக்கமும் மாறுபட்டால், காஸ்டர் குறைவாக உள்ள பக்கம் வண்டி இழுக்கும்.

எண்களைப் படிக்கும் முறை

கோணங்கள் டிகிரியிலும் நிமிடத்திலும் குறிக்கப்படும். ஒரு டிகிரிக்கு 60 நிமிடங்கள். இது கடிகார நிமிடமன்று. டிகிரியை 60 பங்காகப் பிரித்ததில் ஒரு பங்கு. சில இயந்திரங்கள் நிமிடத்துக்குப் பதிலாகத் தசமத்தில் காட்டும். அரை டிகிரியை ஒரு சீட்டு 0 டிகிரி 30 நிமிடம் என்றும், மற்றொரு சீட்டு 0.50 டிகிரி என்றும் காட்டலாம். 0.30 டிகிரி என்பதை 30 நிமிடம் என்று எண்ணிவிடக் கூடாது. அது 18 நிமிடமே. இரண்டு சீட்டுகளை ஒப்பிடும்போது இதை முதலில் கவனியுங்கள்.

டோ அளவு மில்லி மீட்டரிலும் சொல்லப்படுவதுண்டு. 14 அங்குல ரிம் உள்ள சக்கரத்துக்கு 10 நிமிடம் என்பது சுமார் 1 மி.மீ. என்று நினைவில் வைத்துக் கொள்ளலாம். அதாவது ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் உள்ள வேறுபாடு ஒரு மி.மீ. இவ்வளவு சிறிய அளவா டயரைத் தின்கிறது என்று ஐயப்பட வேண்டாம். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சக்கரம் 17 நிமிடம் திரும்பியிருந்தால், வண்டி ஒரு கிலோ மீட்டர் ஓடும்போது அந்தச் சக்கரம் சுமார் 5 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுவதற்கு ஒப்பாகும். நாளொன்றுக்கு 40 கி.மீ. ஓடினால் 200 மீட்டர். டயரைக் கழற்றி, தார்ச் சாலையில் தினமும் 200 மீட்டர் குறுக்காக இழுத்தால் அது எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஒரு சீட்டைப் படித்துப் பார்ப்போம்

ஒரு சிறு கார் வரப்போரக் கல்லில் இடது முன்சக்கரம் மோதியது என்று வைத்துக் கொள்வோம். சில மாதங்களில் இடது டயரின் உள் ஓரம் மொட்டையாகி விட்டது. வண்டி வலப்பக்கம் இழுக்கிறது. பட்டறையில் கொடுத்த சீட்டில் சரி செய்வதற்கு முன் இருந்த அளவுகள் பின்வருமாறு:

முன் கேம்பர், இடது: −1 டிகிரி 45 நிமிடம்
முன் கேம்பர், வலது: −0 டிகிரி 20 நிமிடம்
கேம்பருக்கு அனுமதித்த எல்லை: −1 டிகிரி 15 நிமிடம் முதல் +0 டிகிரி 15 நிமிடம் வரை
காஸ்டர், இடது: +2 டிகிரி 40 நிமிடம்
காஸ்டர், வலது: +2 டிகிரி 50 நிமிடம்
டோ, இடது: −0 டிகிரி 17 நிமிடம்
டோ, வலது: −0 டிகிரி 17 நிமிடம்
மொத்த டோ: −0 டிகிரி 34 நிமிடம்
மொத்த டோவுக்கு அனுமதித்த எல்லை: −0 டிகிரி 10 நிமிடம் முதல் +0 டிகிரி 10 நிமிடம் வரை

இந்த எல்லைகள் எடுத்துக்காட்டுக்காகத் தரப்பட்டவை. உங்கள் வண்டிக்கு உரிய எல்லை அதன் கையேட்டிலும் இயந்திரத்திலும் இருக்கும். வண்டிக்கு வண்டி அது மாறும். எனவே இயந்திரத்தில் உங்கள் வண்டியின் மாதிரியும் ஆண்டும் சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனவா என்று பாருங்கள். வேறு மாதிரியின் எல்லையோடு ஒப்பிட்டால் பச்சைக்கும் சிவப்புக்கும் பொருளில்லை.

இனி மேற்கண்ட அளவுகளைப் படிப்போம். காஸ்டர் இரு பக்கமும் 10 நிமிடமே வேறுபடுகிறது. அதில் குறை இல்லை. மொத்த டோ 34 நிமிடம் வெளிநோக்கி, அதாவது சுமார் மூன்றரை மி.மீ. இது எல்லையைத் தாண்டியது. டோ இடமும் வலமும் சம அளவில் காட்டுவதால் இரு சக்கரமும் ஒன்றுபோல் கெட்டுவிட்டன என்று கொள்ள வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் திரும்பிப் போனாலும், ஓடும்போது இரண்டும் அந்த வேறுபாட்டைப் பங்கிட்டுக் கொள்ளும். அதனால்தான் மொத்த டோவையே முதலில் பார்க்க வேண்டும்.

கேம்பரில்தான் செய்தி இருக்கிறது. வலப்பக்கம் எல்லைக்குள் உள்ளது. இடப்பக்கம் எல்லையைத் தாண்டி உள்ளே சாய்ந்திருக்கிறது. இரண்டுக்கும் 1 டிகிரி 25 நிமிடம் வேறுபாடு. கூட்டல் மிகுதியான பக்கம் வலம். ஆகவே வண்டி வலம் இழுக்கிறது. சீட்டும் வண்டியும் டயரும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன.

இப்போது பட்டறைக்காரர் டோவைச் சரி செய்து புதிய சீட்டைத் தருகிறார். டோ இடது +1 நிமிடம், வலது +1 நிமிடம், பச்சை. கேம்பர் இடது −1 டிகிரி 45 நிமிடம், சிவப்பு அப்படியே. நாம் பச்சையைப் பார்த்து மகிழ்ந்து பணம் கொடுத்து வந்து விடுகிறோம். புது டயரும் போடுகிறோம். முன்னைவிட மெதுவாக என்றாலும் புது டயரின் உள் ஓரமும் தேயத் தொடங்குகிறது. ஓராண்டில் இரண்டாவது டயரும் போய்விட்டது என்று டயரைக் குறை சொல்கிறோம். குறை டயரில் இல்லை. அது வளைந்துபோன இரும்பில் இருக்கிறது.

இங்கு ஒன்றை நன்றாக மனதில் கொள்ள வேண்டும். பெரும்பாலான சிறு கார்களின் முன்சக்கரங்களில், டை ராடின் திருகைத் திருப்பி டோவை மட்டுமே மாற்ற முடியும். கேம்பரையும் காஸ்டரையும் மாற்றத் தனித் திருகு இருப்பதில்லை. ஆகவே கேம்பர் கெட்டால், ஸ்ட்ரட், லோயர் ஆர்ம், நக்கிள், புஷ் ஆகியவற்றில் ஏதோ ஒன்று வளைந்தோ தேய்ந்தோ இருக்கிறது என்று பொருள். அதைக் கண்டுபிடித்து மாற்றுவதே முறை. சில இடங்களில் ஜாக்கி போன்ற கருவியால் அழுத்தி வளைத்துக் கேம்பரைப் பச்சைக்குக் கொண்டு வருகிறார்கள். ஏற்கெனவே வளைந்த இரும்பை மீண்டும் வளைத்தால் அது வலுவிழக்கும். சக்கரத்தைத் தாங்கும் உறுப்பில் அந்த ஆபத்தை ஏற்கக் கூடாது.

பின்சக்கரங்களையும் பாருங்கள்

சீட்டின் அடிப்பகுதியில் பின்சக்கரங்களின் அளவும், திரஸ்ட் கோணமும் இருக்கும். திரஸ்ட் கோணம் என்பது பின் அச்சு வண்டியை எந்தத் திசையில் தள்ளுகிறது என்பதைக் காட்டுவது. பின் அச்சு கோணலாக இருந்தால், வண்டி நேராகச் செல்லும்போதே ஸ்டீயரிங் ஒருபக்கம் திரும்பி நிற்கும். மழைநாளில் ஈரச் சாலையில் பார்த்தால் முன்சக்கரத் தடமும் பின்சக்கரத் தடமும் விலகியிருக்கும்.

கமான் பட்டை வைத்த சரக்கு வண்டிகளில் இது அடிக்கடி நேர்வது. யூ போல்ட் தளர்ந்தாலும், கமான் கட்டின் சென்டர் போல்ட் முறிந்தாலும், பட்டையின் புஷ் தேய்ந்தாலும் பின் அச்சு ஒருபக்கம் நகர்ந்து விடும். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றும் வண்டிகளில் யூ போல்ட்டை அடிக்கடி முடுக்கிப் பார்ப்பது அவசியம். பின் அச்சைச் சரி செய்யாமல் முன்சக்கரத்தை மட்டும் சரி செய்வது வீண் வேலை.

பட்டறைக்குப் போகுமுன்

1. காலையில் வண்டி ஓடாத நிலையில் காற்றை அளந்து பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவு நிலையில் ஒட்டியுள்ள அட்டையில் காலி வண்டிக்கும் பாரமேற்றிய வண்டிக்கும் உரிய அளவு இருக்கும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடிக் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கி விடக் கூடாது.

2. வண்டியில் உள்ள மூட்டை, கூடை, உரப்பை எல்லாவற்றையும் இறக்கி விடுங்கள். பாரத்தால் ஸ்பிரிங் அமுங்கினால் கோணங்கள் மாறும். பொதுவாகக் காலி வண்டியில்தான் அளக்க வேண்டும். கையேட்டில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள்.

3. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்த பின், மேலும் கீழுமாகவும் இடமும் வலமுமாகவும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழும் ஆடினால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். இடமும் வலமும் ஆடினால் டை ராடு முனை என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஆட்டமுள்ள வண்டிக்கு அலைன்மென்ட் செய்வது, கட்டை ஆடும் நிலையில் கதவுக்குத் தாழ்ப்பாள் சரி செய்வது போன்றது.

4. வண்டி ஒருபக்கம் இழுத்தால், முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுப்பின் திசை மாறினால் கோளாறு டயரிலேயே இருக்கிறது. பக்கத்தில் சுழற்சித் திசை அம்புக்குறி உள்ள டயர்களை இவ்வாறு இடம் மாற்றக் கூடாது.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

வேலை வரிசை முக்கியம். முதலில் பின்சக்கரம், பிறகு முன்சக்கரம். முன்சக்கரத்தில் மாற்ற வழியிருந்தால் காஸ்டர், கேம்பர், கடைசியில் டோ. கேம்பரை மாற்றினால் டோவும் மாறிவிடும் என்பதால் டோ எப்போதும் கடைசியில் வர வேண்டும்.

காஸ்டரை அளக்க ஸ்டீயரிங்கை இடமும் வலமும் குறிப்பிட்ட அளவு திருப்ப வேண்டும். யாரும் ஸ்டீயரிங்கைத் திருப்பவில்லை என்றால், சீட்டில் உள்ள காஸ்டர் எண்ணை நம்ப வேண்டாம். டோவைச் சரி செய்யும்போது ஸ்டீயரிங்கை நேராக வைத்துப் பூட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

வேலைக்கு முன் ஒரு சீட்டும், வேலைக்குப் பின் ஒரு சீட்டும் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் வண்டிப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள். அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

பட்டறை தொலைவில் உள்ளவர்கள், போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்யக் கீழ்க்கண்ட சோதனைகளை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

கேம்பர்: சமதளமான சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்துங்கள். கொத்தனாரின் தூக்குக் குண்டு நூலைச் சக்கரத்தின் முன் செங்குத்தாகப் பிடித்து, ரிம்மின் மேல் விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியையும், கீழ் விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியையும் அளவுகோலால் அளந்து கொள்ளுங்கள். 14 அங்குல ரிம்மில் சுமார் 6 மி.மீ. வேறுபாடு ஒரு டிகிரி. மேல் இடைவெளி அதிகமானால் சக்கரம் உள்ளே சாய்ந்திருக்கிறது. இடமும் வலமும் அளந்து ஒப்பிடுங்கள். இரண்டும் 6 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் பட்டறைக்குச் செல்வது அவசியம்.

டோ: சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, டயரின் நடுவில் சுண்ணாம்புக் கட்டியைப் பூசி, அதன்மேல் ஓர் ஆணி முனையை அசையாமல் பிடித்துக் கோடு போடுங்கள். இரு முன்சக்கரங்களுக்கும் இவ்வாறு செய்து வண்டியை இறக்கி, ஸ்டீயரிங்கை நேராக்கி, வண்டியைச் சில அடி முன்னோக்கித் தள்ளி நிறுத்துங்கள். அச்சின் உயரத்தில், முன்பக்கம் இரு கோடுகளுக்கும் உள்ள தூரத்தையும் பின்பக்கம் உள்ள தூரத்தையும் டேப்பால் அளந்து பாருங்கள். பின்பக்கத் தூரம் அதிகமானால் டோ-இன். முன்பக்கத் தூரம் அதிகமானால் டோ-அவுட்.

டிராக்டர் வைத்திருப்போர்க்கு

டிராக்டரின் முன்சக்கரத்துக்கும் இதே விதிகள் பொருந்தும். இரு சக்கர இழுவை டிராக்டர்களில் கேம்பரும் காஸ்டரும் அச்சின் அமைப்பிலேயே அமைந்தவை. நாம் சரி செய்யக் கூடியது டோ-இன் மட்டுமே. அதற்கு மேலே சொன்ன டேப் முறையே போதும். அச்சின் உயரத்தில் முன்பக்கம் குறியிட்டு அளந்து, டிராக்டரை அரைச் சுற்று நகர்த்தி, அதே குறிகள் பின்பக்கம் வந்ததும் மீண்டும் அளந்து கொள்ளுங்கள். இவ்வாறு செய்தால் ரிம் கோணலாக இருந்தாலும் அளவு பிழையாகாது. கிடைத்த வேறுபாட்டைக் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட்டு, டை ராடைத் திருப்பிச் சரி செய்யலாம்.

பயிர் வரிசைக்கு ஏற்ப முன்சக்கர அகலத்தை மாற்றும்போது பலர் ஒரு தவறு செய்கிறார்கள். அச்சை நீட்டுகிறார்கள், ஆனால் டை ராடின் நீளத்தைச் சரியாகப் பொருத்துவதில்லை. இரு பக்கமும் அச்சை ஒரே அளவு நீட்டி, டை ராடுகளையும் ஒரே அளவு நீட்டி, பிறகு டோ-இன் அளவைச் சோதிக்க வேண்டும். அகலம் மாற்றும் ஒவ்வொரு முறையும் இது தேவை.

முன் அச்சின் நடு ஊசி, ஸ்டப் ஆக்சில் புஷ், பேரிங் ஆகியவற்றில் ஆட்டம் கண்டால் டோ நிலைக்காது. சேற்றுழவுக்குப் பின் இவ்விடங்களைக் கழுவிக் கிரீஸ் வைத்தல் நன்று.

நான்கு சக்கர இழுவை டிராக்டர் வைத்திருப்போர் தார்ச் சாலையில் ஓட்டும்போது முன் இழுவையைக் கட்டாயம் விடுவித்து விட வேண்டும். வயலில் நன்றாக இழுப்பதற்காக முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடச் சற்று வேகமாகச் சுழலும்படி அமைத்திருக்கிறார்கள். வயல் மண் இந்த வேறுபாட்டுக்கு இடங்கொடுக்கும். தார்ச் சாலை இடங்கொடுக்காது. இழுவையை விடுவிக்காமல் ஓட்டினால் முன் டயர்களின் முண்டுகள் விரைவில் தேய்ந்து விடும். இது அலைன்மென்ட் கோளாறன்று, பழக்கத்தின் கோளாறு.

டயரை எப்போது மாற்றுவது?

காரின் டயர் பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சிறு மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்தால், பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்கு வந்துவிட்டது என்று பொருள். 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் கார்களுக்கு இந்த ஆழத்தையே குறைந்தபட்ச அளவாகக் கொள்கின்றன. நடுவில் ஆழம் இருந்தாலும், ஓரத்தில் மேடு வரை தேய்ந்திருந்தால் டயரை மாற்றிவிட வேண்டும். நூல் தெரிந்த டயரை ஸ்டெப்னியாகக் கூட வைக்கக் கூடாது. ஆபத்தான நேரத்தில் அது கைவிட்டு விடும்.

பழைய டயர் வாங்குவோர் அதன் பக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் வாரம். அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றிருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்யப்பட்டது. பட்டன் நிறைந்திருந்தாலும், வெயிலில் பல ஆண்டு கிடந்து பக்கங்களில் வெடிப்புக் கண்ட டயரை வாங்க வேண்டாம்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், பாரத்தோடு நெடுந்தூரம் செல்லுமுன்னும் காற்றை அளந்து பாருங்கள்.
2. மாதம் ஒருமுறை ஸ்டீயரிங்கை முழுதும் திருப்பி வைத்து, முன் டயரின் உள் ஓரத்தைக் கண்ணால் பாருங்கள், கையால் தடவிப் பாருங்கள். இதற்குச் செலவில்லை.
3. 5,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை அலைன்மென்ட்டைச் சோதியுங்கள். கல்லிலோ பள்ளத்திலோ பலமாக மோதினால் உடனே சோதியுங்கள்.
4. சீட்டில் ஒரு சிவப்பு எஞ்சியிருந்தாலும் காரணம் கேளுங்கள். காரணம் தெரியாமல் புது டயர் போடாதீர்கள்.
5. கோளாறைத் தீர்த்த பிறகே டயர்களை இடம் மாற்றுங்கள். தீர்க்காமல் இடம் மாற்றினால் நான்கு டயரும் வீணாகும்.

நோய் தாக்கிய செடியைப் பிடுங்கிவிட்டு அதே மண்ணில் அதே நாற்றை நட்டால் அதுவும் வாடும் என்பது உழவர் அறிந்ததே. மண்ணைச் சரி செய்த பின்னரே மறு நடவு. டயரும் அவ்வாறே. அடுத்த சந்தை நாளுக்கு வண்டி கிளம்புமுன், விளக்கை எடுத்துக்கொண்டு நான்கு சக்கரங்களின் உள் ஓரத்தையும் ஒருமுறை பாருங்கள். அந்தக் கால்மணி நேரம் டயரின் விலையை மட்டுமல்ல, அதற்கும் மேலான உயிரையும் காக்கும்.